மூன்று நார்மல் ரிப்போர்ட்டுகள்

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, "வந்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டபோது, இவர்களுக்கு என்னிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பென்ஷன் எடுத்தும் போகாத பழக்கதோஷம்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்திருந்த பெயர் சீஐடி. சும்மா வைக்கவில்லை. வெறும் வயிற்றில் வந்திருக்கிறேன் என்று சொல்பவரின் மீசையைப் பார்ப்பேன். அப்பத் துணுக்கு ஒட்டியிருக்கும். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்த ஒருவர் தம்பியின் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவந்தார். போத்தல் சூடில்லாமல் இருந்ததை வைத்தே பிடித்தேன். லேபிள் மாறிய குழாய், ஒரே ஆளின் இரத்தத்தை இரண்டு பேர் பெயரில் அனுப்பிய வார்ட், எல்லாம் என் கையில் மாட்டியிருக்கின்றன. நம்ப முடியாத எண் ஒன்று மெஷினில் வந்தால், மெஷினைத் திட்டுவேன், பிறகு குழாயைத் திட்டுவேன், அதற்குப் பிறகு இரத்தம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸியைத் திட்டுவேன். மிஸ்ஸிமார் என்னைத் திட்டியதை இங்கே சொல்ல முடியாது.

இந்தக் குணத்தால் சில உயிர்கள் தப்பியிருக்கின்றன. அதைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது, இவ்வளவு சந்தேகக்காரனான நான் சந்தேகப்படாமல் விட்ட ஒன்றைப் பற்றி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மாத்தளை மாவட்டத்தில் நான் வேலை செய்யாத ஆஸ்பத்திரி குறைவு. ஊகித்துப் பார்த்துக் களைத்துப் போங்கள்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். ஹோர்மோன் பரிசோதனைகளை உங்களுக்குப் பாடத்தில் படம் போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், எனக்கு அம்புக்குறி ஏறவில்லை. நான் விளங்கிக்கொண்டது இப்படி: மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலமஸ் பங்களாவில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியதொரை. அவர் கொழுந்து பறிக்கும் மலைக்கு இறங்கி வர மாட்டார். துண்டுச்சீட்டு எழுதி அனுப்புவார். துண்டை வாங்குகிறவர் கங்காணி. அதுதான் பிட்யூட்டரி. மூக்குக்குப் பின்னால், மண்டையின் அடியில் ஒரு குழிக்குள் கடலை அளவில் கிடக்கும் சுரப்பி. கங்காணி ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்துச் சத்தம் போடுவார். கழுத்தில் இருக்கும் தைரொயிட் ஒரு கூட்டம். சிறுநீரகத்துக்கு மேலே கோர்டிசோல் செய்யும் சுரப்பி ஒரு கூட்டம். பெண்களின் சூலகம் இன்னொன்று. வேலை குறைந்தால் கங்காணியின் சத்தம் கூடும். வேலை ஒழுங்காக நடந்தால் சத்தம் அடங்கும்.

டீ.எஸ்.எச். என்று நாம் அளப்பது தைரொயிட்டைப் பார்த்துக் கங்காணி போடும் சத்தத்தைத்தான். டீ ஃபோர் என்பது தைரொயிட் உண்மையிலேயே செய்து போட்ட வேலை. சத்தம் சாதாரணமாக இருக்கிறதா, அப்படியானால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் இது சரியாகவே இருக்கும். அந்த நம்பிக்கையில் நான் ஒரு சட்டம் போட்டேன். பரிசோதனைக்கு ஊற்றும் ரீஏஜென்ட் மருந்து எப்போதும் தட்டுப்பாடு. கண்டியிலிருந்து வரும் பெட்டி மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்காது. ஆகவே மெஷினுக்குப் பக்கத்தில் என் கையாலேயே எழுதி ஒட்டினேன்: டீ.எஸ்.எச். சரியாக இருந்தால் டீ ஃபோர் செய்ய வேண்டாம். டாக்டர்மாரும் ஒத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான சட்டம் என்று ஒரு பெரிய டாக்டர் என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய முதல் இடம் அந்தத் தட்டுத்தான்.

கோமதி என்ற பெண் முதல் தடவை வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது இருக்கும். பல்லேபொலவிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் த்ரீவீல் ஓட்டுகிறவன். வீட்டைச் சுற்றி மிளகுக்கொடி, கோப்பி, நாலைந்து கொக்கோ மரம். ஒரு பெண் குழந்தை. மத்தியான வெயிலில் புருஷனின் கம்பளி ஜேர்சியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நரம்பு தேடுவதற்காகக் கையைத் தொட்டால் தண்ணீர்ப் பானையைத் தொட்டது போல இருந்தது. களைப்பு, குளிர், தூக்கம், முடி கொட்டுகிறது என்று டாக்டர் துண்டில் எழுதியிருந்தார். தைரொயிட் பார்க்கச் சொல்லியிருந்தார். டீ.எஸ்.எச். வந்தது நார்மல். கையெழுத்து வைத்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி வந்தாள். மறுபடி நார்மல். அதற்கும் கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றான். கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு மெதுவாக வந்தான். மரியாதையான ஆள்தான், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தான். கோமதியின் புருஷன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். இரண்டு ரிப்போர்ட்டையும் ஜன்னலில் விரித்து வைத்து, இரண்டிலும் நோய் இல்லை என்றுதானே இருக்கிறது என்று கேட்டான். ஆமாம், நார்மல் என்றேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"ஒன்னு கேக்கணும் சேர். கோவிச்சுக்காதீங்க. புள்ள பெறாம இருக்கப் போடுற ஊசி இருக்கே, அது ரத்தத்துல தெரியுமா?"

அப்படி ஒரு பரிசோதனை இங்கே இல்லை என்றேன். அவன் போகவில்லை. சொல்லத் தொடங்கிவிட்டான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு மாதவிலக்கு வரவில்லையாம். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து வருஷமாகக் காத்திருக்கிறார்களாம். அவள் டவுனுக்குப் போகும் சாக்கில் யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று அவனுடைய அம்மா சொல்கிறாராம். முதலில் அவன் நம்பவில்லையாம். ஆனால் ஆஸ்பத்திரியே உடம்பில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு வேறு என்ன நினைப்பது என்று என்னிடமே கேட்டான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவளை மகப்பேற்று டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். மாதவிலக்கு வராதது தனியாக ஒரு நோய்க் குறி, அது துண்டில் எழுதப்படவே இல்லையே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்தேன். சீஐடி மூளை. களைப்பு, தூக்கம் என்று இவள் ஆஸ்பத்திரிக்கு அலைவதெல்லாம் வீட்டில் இருந்து டவுனுக்கு வர ஒரு சாக்கு என்று எனக்குள் கணக்குச் சரியாக விழுந்தது. ஒரு சந்தேகக்காரனுக்கு இன்னொரு சந்தேகக்காரன் சொல்வது எவ்வளவு சீக்கிரம் இனிக்கிறது, பாருங்கள்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது அந்தக் கண்ணோடுதான் அவளைப் பார்த்தேன். புருவம் பாதி உதிர்ந்திருந்தது. முகம் வெளுத்து, மெல்லிய காகிதத்தைக் கசக்கி விரித்தது போலச் சுருக்கம் விழுந்திருந்தது. வயதுக்கு மீறிய முகம். இவ்வளவும் பார்த்தேன், பார்த்துவிட்டும் என் கண் அவளுடைய கைப்பையில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் அட்டை ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்றுதான் தேடியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

ஊசியைக் குத்தும்போது அவள் சொன்னாள்: "எனக்கு என்னமோ இருக்குங்க சேர். மொளகு பறிக்கப் போனா கொடிக்கடியிலயே தூங்கிப் போறேன். நல்லாப் பாருங்க."

"மெஷின் பொய் சொல்லாது தங்கச்சி" என்றேன். டீ.எஸ்.எச். நார்மல். மூன்றாவது கையெழுத்து.

அந்த வருஷம் மார்கழி மழை பிடித்தது, விடவில்லை. காய்ச்சல் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. ஒரு நாள் காலை பத்து மணியளவில் வார்டிலிருந்து வந்த குழாய்களில் ஒன்றில் சோடியம் நூற்றுப் பதினாறு என்று வந்தது. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. இவ்வளவு கீழே போனால் ஆள் மயங்கிக் கிடப்பார், வலிப்பு வரலாம். இப்படி எண் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். குளுக்கோஸ் சேலைன் ஓடும் கையிலேயே இரத்தம் எடுத்திருக்கிறாள் மிஸ்ஸி, இரத்தத்தில் தண்ணீர் கலந்துவிட்டது என்று முடிவு கட்டி, மறுபடி அனுப்பு என்று திருப்பினேன்.

இரண்டாவது குழாய் வந்தது. நூற்றுப் பதினேழு. மிஸ்ஸி தொலைபேசியில் என்னைக் கிழித்தாள். நான் விடவில்லை. ஆனால் திருப்பி அனுப்பக் கையெடுத்தபோது பக்கத்தில் இருந்த சர்க்கரை எண் கண்ணில் பட்டது. நாற்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போகக் கூடாதது. அங்கேதான் நான் நின்றேன். குளுக்கோஸ் சேலைன் ஓடும் கையில் எடுத்திருந்தால் சோடியம் இறங்கும், ஆனால் சர்க்கரை எகிற வேண்டும். இங்கே சர்க்கரையும் விழுந்து கிடந்தது. சரி, குழாய் நேரம் கடந்து பழசானதோ? பழசானால் சர்க்கரை இறங்கும், கூடவே பொட்டாசியம் ஏற வேண்டும். பொட்டாசியம் அசையாமல் இருந்தது. நான் வைத்திருந்த சந்தேகங்கள் ஒவ்வொன்றும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது ஒன்றுதான்: எண் உண்மையாக இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் குழாயில் பெயரைப் படித்தேன். கோமதி.

நான் வார்டுக்குப் போகிறவன் அல்ல. ஆய்வுகூடத்தான் வார்டுக்குள் கால் வைப்பது வேலி தாண்டுவது போல, அங்கேயுள்ளவர்களுக்குப் பிடிக்காது. அன்று போனேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் மிஸ்ஸியைப் பிடிக்கலாம் என்ற ஆசை கொஞ்சம் இருந்தது. இடது கையில் சேலைன். வலது கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மிஸ்ஸி சரியாகத்தான் எடுத்திருந்தாள்.

கோமதி கண்ணை மூடிக் கிடந்தாள். மூன்று நாள் காய்ச்சல், சாப்பிட்டதெல்லாம் வாந்தி, இன்று காலை எழுப்பினால் உளறுகிறாள் என்று மிஸ்ஸி சொன்னாள். இரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறதாம். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தை அன்றுதான் நான் ஒரு நோயாளியின் முகமாகப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளைப்பேறு எப்படி நடந்தது என்று கேட்டேன். அவளுடைய புருஷன் சொன்ன ஒரு வார்த்தை, பிள்ளை பிறந்த நாளிலிருந்து என்ற வார்த்தை, எங்கேயோ என் தலைக்குள் கிடந்திருக்கிறது.

நாக்கு குழறிக் குழறி வந்த பதிலை மிஸ்ஸியும் நானும் சேர்த்து விளங்கிக்கொண்டோம். பிள்ளை பிறந்ததும் இரத்தம் நிற்கவில்லை. அஞ்சு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை, பால்மா கொடுத்துத்தான் வளர்த்தது. அதற்குப் பிறகு மாதவிலக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"நான் ஊசி ஒன்னும் போடலீங்க" என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

பயிற்சிக் காலத்தில் ஒரு விரிவுரையில், பெயர்கூட ஞாபகமில்லாத ஒருவர், பரீட்சைக்கு வராது என்று சொல்லி ஒரு விஷயத்தைச் சொன்னார். கர்ப்பகாலத்தில் பிட்யூட்டரி பெருத்துவிடும், அதற்கு இரத்தம் கூடத் தேவைப்படும். பிரசவத்தில் பெருவாரியாக இரத்தம் போனால் அந்தச் சுரப்பி பட்டினி கிடந்து கருகிப் போகலாம். முதல் அடையாளம், தாய்க்குப் பால் வராது. பரீட்சைக்கு வராததால் நான் எழுதிக்கொள்ளவில்லை. அன்று வார்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குத் திரும்பி நடக்கும்போது அது ஞாபகம் வந்தது.

கங்காணி செத்துப் போயிருந்தால்? கங்காணி செத்தாலும் சத்தம் முழுவதும் அடங்கிவிடாது. கொஞ்ச நஞ்ச முனகல் மிஞ்சும், அது மெஷினுக்குச் சாதாரண சத்தம் போலக் கேட்கும். மலையில் வேலை நடக்கிறதா என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. என் சட்டம் என்னைப் பார்க்க விடவில்லை. காலை வந்த அதே குழாயிலிருந்து டீ.எஸ்.எச்., டீ ஃபோர் இரண்டையும் ஓட்டினேன். டீ.எஸ்.எச். நார்மல். டீ ஃபோர் அடிமட்டத்தில். என் கையால் எழுதி ஒட்டி வைத்திருந்த சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டே அந்தத் தாள் வெளியே வருவதைப் பார்த்தேன்.

வார்டில் அன்று பொறுப்பாக இருந்தவர் கலேவெலயைச் சேர்ந்த முஸ்லிம் டாக்டர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகாத பெண். நான் தாளை நீட்டி, இது தைரொயிட் தூங்கிவிட்டது டாக்டர், தைரொயிட் குளிசை கொடுத்தால் எழும்பிவிடுவாள் என்றேன். ஒரு பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தவனின் தோரணையில் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், பிரசவக் கதையைக் கேட்டார்.

"தைரொயிட் முதல்ல குடுத்தா இவ போயிடுவா" என்றார்.

பிறகு விளக்கினார். பிட்யூட்டரி போயிருந்தால் தைரொயிட் கூட்டம் மட்டும் வேலையில்லாமல் கிடக்காது, கோர்டிசோல் கூட்டமும் சேர்ந்துதான் கிடக்கும். காய்ச்சல் வந்தால் உடம்பு முதலில் கேட்பது கோர்டிசோலை. அது இல்லாததால்தான் சோடியமும் சர்க்கரையும் அழுத்தமும் விழுகின்றன. இந்த நிலையில் தைரொயிட்டை எழுப்பிவிட்டால் மிச்சமிருக்கும் சொட்டுக் கோர்டிசோலையும் உடம்பு எரித்துவிடும். முதலில் கோர்டிசோல் ஊசி, அதற்குப் பிறகுதான் மற்றது. என் இரண்டாவது பிழையை அந்த டாக்டர் பிள்ளை அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டது.

ஆனால் கோர்டிசோலை அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. கண்டிக்கு அனுப்பினால் ஒரு வாரம். பெரிய டாக்டர் கொழும்பில் ஒரு கூட்டத்தில், தொலைபேசி எடுக்கவில்லை. எலிக்காய்ச்சலாக இருந்தால், வேறு ஏதாவது கிருமியாக இருந்தால், இந்த ஊசி பிழையாகப் போகாதா என்று மிஸ்ஸி மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்வி. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சந்தேகப்படுற ஆள் நீங்க. இந்த நம்பர நான் நம்பலாமா?"

நீங்களும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பீர்கள். மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன் டாக்டர் என்று சொல்லலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் கட்டிலில் கிடப்பவர் என்ன ஆவார் என்பது உங்கள் பொறுப்பில் எழுதப்படவும் மாட்டாது. சந்தேகத்துக்குள் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் அவ்வளவு காலம் அங்கேதான் குடியிருந்தேன்.

"நம்பலாம். கையெழுத்து வைக்கிறேன்" என்றேன்.

ஊசிக்கு முன் கண்டிக்கு அனுப்ப ஒரு குழாய் இரத்தத்தை நானே எடுத்தேன். அதன் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் ஊசியைப் போட்டார். நான் கட்டிலடியிலேயே நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்து போனது. இரண்டு மணி ஆனபோது அழுத்தம் ஏறத் தொடங்கியது. மாலை பார்வையாளர் நேரத்துக்கு மணி அடிக்கும்போது கோமதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பிளேன்டீ ஒன்று கிடைக்குமா என்று மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்த மிஸ்ஸிதான் எனக்கும் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள், சீனி போடாமல்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு மாதிரி நல்லவனாக வீட்டுக்குப் போயிருப்பேன். மறுநாள் புருஷன் வந்தான். கையில் பொலித்தீன் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, கொப்பிக்குள் மூன்று ரிப்போர்ட். டாக்டர் நோயை விளக்கினார். ஹைப்போதலமஸ், பிட்யூட்டரி என்றெல்லாம் சொன்னார். இனி வாழ்நாள் முழுக்கக் குளிசை எடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கோர்டிசோல் குளிசையைக் கூட்டி எடுக்க வேண்டும் என்றார். அவன் தலையாட்டிக் கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு மூன்று தாளையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"அப்ப இதுல நார்மல்னு போட்டிருக்கே. இது எப்படிங்க?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தாள்கள்தான் அவன் வீட்டில் சாட்சி. அவளுடைய மாமியார் அவற்றை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது, உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் கள்ளம் என்று. கட்டிலில் இருந்த கோமதி யாரையும் பார்க்கவில்லை, போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு எதிராக மூன்று கையெழுத்து இருந்தது, மூன்றும் என்னுடையது.

அதைப் போட்டது நான்தான் என்று அவனிடம் சொன்னேன். எண் பிழையில்லை, ஆனால் பாதியைத்தான் பார்த்தேன், மற்றப் பாதியைப் பார்க்க வேண்டாம் என்று சட்டம் போட்டவனும் நான்தான் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சேர்ந்துகொண்டு அவளுக்காகப் பேசுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஜன்னலுக்கு உள்ளே இருந்து நான் ஊரையெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள்.

"எழுதித் தாங்க சேர். வாயால சொன்னா எங்க வீட்டுல எடுபடாது."

ஆய்வுகூடத்தான் எண்ணைத்தான் எழுதலாம், விளக்கம் எழுதக் கூடாது. முப்பது வருஷம் நான் கோட்டுக்கு வெளியே ஒரு எழுத்து எழுதியவன் அல்ல. டாக்டரைப் பார்த்தேன். எழுதுங்க, நோயைப் பற்றி நான் கீழே எழுதிக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். மூன்றாவது ரிப்போர்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: "இந்தப் பரிசோதனை போதாதது. இதைக் கொண்டு இந்தப் பெண் சுகமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பிழை பரிசோதனை செய்தவனுடையது." பெயரும் பதவியும் எழுதினேன். அதன் கீழே டாக்டர், மாதவிலக்கு நின்றதும் பால் வராததும் பிரசவ இரத்தப்போக்கால் வந்த இந்த நோயினாலேயே என்று எழுதி முத்திரை குத்தினார். புருஷன் அதை வாங்கி எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், வராந்தாவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

கண்டி ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தது. கோர்டிசோல் இருந்ததாகவே சொல்ல முடியாது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததை அன்றே கிழித்தேன். துண்டில் களைப்பு, மாதவிலக்கு இல்லை, பிரசவத்தில் இரத்தம் போனது என்று ஏதாவது ஒன்று இருந்தால் இரண்டையும் ஓட்ட வேண்டும், துண்டில் இல்லாவிட்டால் கேட்க வேண்டும் என்று வேறு எழுதி ஒட்டினேன். அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் போய்ப் பாருங்கள். விசித்திரமான எண்ணை எந்த மடையனும் சந்தேகப்படுவான், தம்பிமாரே. நார்மல் என்று வருவதையும், அதை நார்மல் என்று சொல்லும் உங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். உடம்பில் என்னமோ இருக்கிறது என்று சொல்கிற ஆளைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

ஒரு வருஷம் கழித்துக் கோமதி இரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். ஜேர்சி இல்லை. புருவம் கறுத்திருந்தது. பல்லேபொல பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் சேர், தூக்கம் வரல்ல என்றாள். கிளினிக் கொப்பிக்குள் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. மடித்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் இப்போது எல்லாரும் நம்புகிறார்களா என்று கேட்டேன். நல்ல பதில் ஒன்றைக் கேட்டு மனதை ஆற்றிக்கொள்ளத்தான் கேட்டேன்.

"நம்புறாங்க சேர். நீங்க எழுதினத நம்புறாங்க. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல்ல." கையை மேசையில் நீட்டி வைத்தாள். "நீங்களும் நம்பர் வந்த பொறகுதான நம்புனீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ரப்பர் பட்டியைக் கையில் கட்டினேன். கை சூடாக இருந்தது.